தோலின் இலக்கணம்

ஜவ்வாது மலைக்குச் சென்று மீள்வோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களைக் குறித்தே வியந்து பேசுவர். ஒன்று சந்தன மரம். மற்றொன்று காவலூரில் வானை நோக்கி நிற்கும் தொலைநோக்கி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இம்மலையில் 1960-களின் இறுதியில் வான் ஆராய்ச்சி தொடங்கிற்று. 1986ஆம் ஆண்டில் 2.3 மீட்டர் குறுக்களவுடைய பெருந்தொலைநோக்கி திறக்கப்பெற்று, வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயரால் இன்று வழங்குகின்றது. அதனைக் கண்டு நாம் பெருமிதம் கொள்ளுதல் தக்கதே. ஆயினும் யாம் ஈண்டுக் கூறப் புகுவது இம்மலையின் மூன்றாவதொரு பொருளைப் பற்றியதாகும். அது கடுக்காய்.

கடுக்காய் மருந்தாதலை நம் பாட்டிமார் அறிவர். அதற்கு வேறொரு தொழிலும் உண்டு என்பதை மலையடிவாரத்து ஊரார் அறிவர். மலைவாழ் மக்கள் காட்டிற் சேர்க்கும் புளி, தேன் முதலியவற்றோடு கடுக்காயும் மலையிறங்கி வரும். கீழே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் உள்ளன. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தென்னாட்டுத் தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயர் பெற்றுக் கடல் கடந்து விலைபோயிற்று. இற்றை நாளில் குரோமிய உப்பே பெருவழக்காகிவிட்டது. எனினும் பட்டையும் காயும் இட்டுப் பதனிடும் பழைய முறை முற்றும் மறைந்திலது.

பச்சைத் தோலை அங்ஙனே விட்டால் ஓரிரு நாளில் அழுகி நாறும். பதனிட்ட தோலோ பல்லாண்டு நின்று காலுக்குச் செருப்பாகும். நீர் இறைக்கும் சாலாகும். கடுக்காயின் துவர்ப்பு அத்தோலினுட் சென்று யாது செய்கின்றது? செய்யும் கைகள் பன்னூறு ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. ஆயினும் அதன் காரணத்தை அறிதற்குத் தோலின் உட்கட்டு இன்னதென அறிதல் வேண்டும். அவ்வுட்கட்டை உலகிற்கு முதன்முதல் தெளிவாகக் காட்டியது இலண்டனன்று, பாரிசுமன்று, நம் சென்னையே. காட்டியவர், நம்மைப்போல ஒரு மிஷன் கல்லூரியில் ஆனர்ஸ் வகுப்புப் பயின்ற ஒருவர். இச்செய்தியைத் தோல் ஊர்களிலே பிறந்து தோல் ஊர்களிலே கல்லூரி செல்லும் மாணவருட் பலர் கேட்டதும் இலர். தொழில் ஒருபுறமும் அதனை விளக்கும் கல்வி மற்றொரு புறமுமாக ஒன்றையொன்று அறியாது நிற்பது நம் நாட்டுக் கல்வியின் பெருங்குறை என்பதும், அக்குறையைக் களைதல் கல்லூரிகளாகிய நம் கடன் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

அவ்வறிஞர் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன். 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1942இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு மின்பொறியியல் கற்கவே சென்றார். ஆங்கிருந்த சர் சி. வி. இராமன் இவர்தம் மதிநுட்பத்தைக் கண்டு, தம் பௌதிகத் துறைக்கே இவரை ஈர்த்துக்கொண்டார். 1947இல் கேம்பிரிட்ஜ் சென்று, கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இரண்டாண்டு உழைத்து 1949இல் அங்கும் டாக்டர் பட்டம் பெற்று மீண்டார். 1952இல் சென்னைப் பல்கலைக் கழகம் ஒரு பௌதிகத் துறையைப் புதிதாக அமைக்க விழைந்தபோது, துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் முதலில் இராமனையே நாடினார். இராமன் தம் மாணவரைக் காட்டினார். இங்ஙனம் ஏறக்குறைய முப்பது வயதிலேயே இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டியில் அமர்ந்தார்.

புதிய துறைக்கு வேண்டுவன யாவை? கருவி, பொருள், ஆள் என்பர். இம்மூன்றும் அந்நாளில் அருகியே இருந்தன. ஆயின் அவற்றினும் முதன்மையானது தக்கதொரு வினா. அக்காலத்துச் சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால் என்னும் ஆங்கில அறிஞர், கொலாஜென் என்னும் புரதத்தின் உட்கட்டு இன்னும் எவராலும் செவ்வனே அறியப்படவில்லை என்று உரையாடலிடையே கூறினார். அச்சொல்லையே இராமச்சந்திரன் வினாவாகப் பற்றிக்கொண்டார்.

கொலாஜென் என்பது யாதோ என மருள வேண்டா. நம் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது அதுவே. நம் உடலிலுள்ள புரதம் அனைத்தினுள்ளும் அளவால் மிக்கதும் அதுவே. ஆட்டுக்காலை நெடுநேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் சாறு கூழ்போல உறைவதைக் காண்கின்றோமல்லவா? அது கொலாஜென் வெப்பத்தால் புரி கலைந்து ஊன்பசையாக மாறியதன் பயன். தோல் பதனிடுவோர் சுண்ணாம்புத் தொட்டியிலிட்டு மயிரும் பிறவும் நீக்கி எஞ்சவைப்பதும் பெரும்பாலும் இக்கொலாஜென் வலையையே.

இதனை ஆராய்தற்கு நல்ல மாதிரிகள் வேண்டுமன்றோ? அவற்றைத் தேடி இராமச்சந்திரன் நெடுந்தொலை செல்லவேண்டியிருந்திலது. 1948இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவர் துறைக்கு அண்மையிலேயே இருந்தது. அதன் உதவி அவர்க்குக் கிட்டிற்று. கங்காருவின் வால் தசைநாண் மிகத் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் தந்தது. தோலுக்கென அமைந்த நிலையமும் பௌதிகத்திற்கென அமைந்த துறையும் அயலயலே நின்றமையால் விளைந்த நன்மை இது என்பதைப் படிப்போர் கருத்தில் இருத்துவாராக. பின்னர் இதனை மீண்டும் எடுத்துரைப்பாம்.

எக்ஸ் கதிர் ஒரு பொருளினூடே சென்று சிதறும்போது படத்திற் பொட்டுகளும் வளைவுகளும் விழும். அவை பொருளின் உருவமல்ல. உருவத்தைக் கணக்கிட்டு ஊகித்தற்குரிய அடையாளங்களே. இராமச்சந்திரனும் அவர்தம் துணைவர் கோபிநாத் கர்த்தாவும் அவ்வடையாளங்களோடு மற்றொரு செய்தியையும் சேர்த்து எண்ணினர். புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் சிறு கூறுகள் சங்கிலிபோலத் தொடர்ந்தமைவது. கொலாஜெனைப் பகுத்தாய்ந்தோர், அதிலுள்ள கூறுகளுள் மூன்றிலொரு பங்கு கிளைசின் எனக் கண்டிருந்தனர். கிளைசினே அமினோ அமிலங்களுட் சிறியது. மூன்றிலொரு பங்கு என்பது தற்செயலாக அமைந்ததா? அன்று, சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடமும் கிளைசினுக்கே உரியதாதல் வேண்டும் என அவர்கள் கருதினர். ஏன் அங்ஙனம் ஆதல் வேண்டும்? மூன்று சங்கிலிகள் ஒரு நடு அச்சைச் சூழ்ந்து நெருங்கி நின்றால், உட்பக்கம் நோக்கும் இடத்தில் மிகச் சிறிய கூறொன்றே அடங்கும். வேறெதற்கும் அங்கே இடமில்லை. இவ்வாறு எண்ணியெண்ணி, உருவமைத்துப் பார்த்து, 1954ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் ஏட்டில் மூன்று புரிகளாலாகிய அமைப்பை வெளியிட்டனர். 1955இல் அதனைத் திருத்தி, அம்மூன்று புரிகளும் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டிருத்தலைக் காட்டினர்.

இதனைக் கயிறு திரிப்போர் எளிதில் உணர்வர். ஒவ்வோர் இழையும் ஒரு பக்கம் முறுக்கேறியிருக்க, மூன்றிழையும் சேர்ந்து எதிர்ப்பக்கம் முறுக்கேறினாலன்றிக் கயிறு நில்லாது. கொலாஜெனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடஞ்சுழி. மூன்றும் சேர்ந்த முறுக்கு வலஞ்சுழி. ஒரு கயிற்றின் நீளம் ஏறக்குறைய 300 நானோமீட்டர். தடிப்போ ஒன்றரை நானோமீட்டர். இத்தகைய எண்ணிறந்த கயிறுகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்தே தோலாகின்றன. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இக்கயிறுகளினிடையே புகுந்து, பற்பல இடங்களில் அவற்றைப் பற்றிப் பிணித்து, நீரை விலக்கி, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அத்தோல் இரையாகாதபடி காக்கின்றது. குரோமிய உப்பும் வேறொரு வகையில், புரிகளின் பக்கக் கிளைகளைப் பற்றிப் பாலமிட்டு, அத்தொழிலையே செய்கின்றது. மலையிறங்கி வரும் கடுக்காய் மூட்டைக்கும் கிண்டியில் விழுந்த எக்ஸ் கதிர்ப் படத்திற்கும் உள்ள தொடர்பு இதுவே.

இக்கட்டின் நுட்பத்திற்குச் சான்றுகள் நோய்களிலும் உண்டு. கிளைசின் நிற்கவேண்டிய ஓரிடத்தில் வேறொரு கூறு புகுமாயின் புரி சரிவர முறுக்கேறாது. எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய் அதனால் விளைதல் உண்டு. நெல்லிக்காய் முதலியவற்றிலுள்ள சி வைட்டமின் உடலிற் குன்றுமாயின், புரிகளை உறுதிப்படுத்தும் ஹைட்ராக்சி புரோலின் என்னும் கூறு போதியவாறு அமையாது. ஈறு குருதி வடிக்கும், பழம்புண் மீளத் திறக்கும். முற்காலத்து மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோயின் அடிப்படை இதுவே.

இனி, இராமச்சந்திரன் வாழ்க்கையில் யாம் மிகவும் போற்றும் பகுதிக்கு வருவாம். 1955இல் கேம்பிரிட்ஜைச் சார்ந்த அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் முப்புரி அமைப்பை ஏற்றும், அதன் நுண்பகுதிகளை மறுத்தும் எழுதினர். சில அணுக்கள் இயற்கை பொறாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பதும், மூன்று கூறுகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு அமையாது, ஒன்றே அமையும் என்பதும் அவர்தம் மறுப்பு. கிரிக், இரண்டாண்டின் முன்னர் டி.என்.ஏ.வின் இரட்டைப் புரியைக் கண்டு பெரும்புகழ் பெற்றவர். அத்தகையோர் மறுத்தால் மனம் சோர்தலும் சினத்தலும் மக்கட்கு இயல்பு. இராமச்சந்திரன் அவ்விரண்டையும் செய்யாது வேறொன்று செய்தார். 'இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?' என்னும் வினாவையே தனியே எடுத்துக்கொண்டு, அதுவரை உட்கட்டு அறியப்பட்ட படிகங்களையெல்லாம் தேடி அளந்து பட்டியலிட்டார். பிறர் எண்ணியதினும் அணுக்கள் சிறிது நெருங்குதல் உண்டு எனக் கண்டார்.

அங்கே நின்றிருந்தால் அது ஒரு விடையிறுப்பாக மட்டும் முடிந்திருக்கும். அவர் மேலும் சென்றார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கூற்றிலும் இரண்டு மூட்டுகள் சுழலும். அவற்றின் கோணங்களுக்குப் பை, சை எனப் பெயரிடுவர். இவ்விரண்டும் எவ்வெக் கோணங்களில் நின்றால் அணுக்கள் ஒன்றையொன்று முட்டாது அமையும், எவ்வெக் கோணங்களில் முட்டும் எனக் கணக்கிட்டால், எந்தப் புரதத்திற்கும் பொதுவான ஒரு வரம்பு கிடைக்குமன்றோ? சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகிய தம் துணைவரோடு, இக்காலத்துக் கணினிகள் கைக்கெட்டாத அந்நாளில், அவர் இக்கணக்கை முடித்தார். 1963இல் அது வெளிவந்தது. ஒரு சதுரம், அதில் குறுக்கே ஒரு கோணம், நெடுக்கே மற்றொரு கோணம், சில பகுதிகள் இசைவுடையன, எஞ்சியவை விலக்குண்டன. இதுவே உலகெங்கும் 'இராமச்சந்திரன் படம்' என வழங்குவது.

தமிழ் பயிலும் யாம் இதனை முதன்முறை கேட்டபோது, இஃது எமக்குப் புதிதன்று எனத் தோன்றிற்று. நம் இலக்கண நூலார் மெய்ம்மயக்கம் என ஒன்று கூறுவர். எம்மெய்யின் பின் எம்மெய் நிற்கலாம், எது நிற்கலாகாது என்பதே அதன் பொருள். க், ச், த், ப் என்பன தம்மொடு தாமே மயங்கும்: பக்கம், பச்சை, பத்து, அப்பம். ட் என்பதோ தன்னோடன்றிக் க, ச, ப என்பவற்றோடும் மயங்கும்: வெட்கம், காட்சி, நுட்பம். பதினெட்டு மெய்யும் எண்ணற்ற வகையில் அடுத்தடுத்து நிற்கலாமென்று கணக்குக் கூறும். நாவோ சிலவற்றையே ஏற்கும். தமிழ்ச் சொற்கள் எத்துணை ஆயிரமாயினும் அவ்வரம்பினுள்ளேதான் பிறக்கின்றன. அங்ஙனமே இருபது அமினோ அமிலங்கள் எத்துணைப் புரதங்களாய் விரியினும், இராமச்சந்திரன் வகுத்த வரம்பினுள்ளேதான் பெரும்பாலும் மடங்குகின்றன. ஆங்கு நாவின் இயல்பு காரணம். ஈங்கு அணுக்களின் பருமை காரணம். புறனடையும் இரண்டிடத்தும் உண்டு. கிளைசின் மிகச் சிறியதாகலின் பிறவற்றுக்கு இல்லாத உரிமை அதற்குண்டு. புரோலினோ தன்னைத் தானே வளைத்துக் கட்டுண்டதாகலின் அதற்கு உரிமை குறைவு. ஒரு மொழியின் சொற்களை மனப்பாடம் செய்வது வேறு, அம்மொழியின் இலக்கணத்தைக் காண்பது வேறு. இராமச்சந்திரன் கண்டது இலக்கணம். அதுவும் தம்மை மறுத்தோர்க்கு விடை தேடும் முயற்சியினின்றே கண்டது.

நடுநிலைமை வழுவாது கூறுமிடத்து, மறுத்தோர் கூற்றிலும் மெய்ம்மை இருந்தது. 1994இல் கொலாஜெனை ஒத்த சிறு புரதக்கூறொன்றின் படிக அமைப்பு நுட்பமாகக் காணப்பெற்றபோது, முப்புரி முறுக்கு உறுதியாயிற்று. நேரிய ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று கூறுகளுக்கு ஒன்றே என்பதும் தெளிவாயிற்று. நீர் மூலக்கூறுகள் புரிகளிடையே பாலமாய் நிற்றலும் காணப்பட்டது. நீர்ப்பாலம் என்னும் கருத்தை இராமச்சந்திரனே 1968இல் வெளியிட்டிருந்தார். எனவே, வென்றார் இவர், தோற்றார் இவர் என்று தீர்ப்புக் கூறுதல் இவ்வழக்கில் பொருந்தாது. மறுப்பின்றி வரம்பு பிறந்திராது. வரம்பின்றி இன்றைய புரத அறிவு இத்துணை வளர்ந்திராது. இற்றை நாளில் எவர் எப்புரதத்தின் அமைப்பை வெளியிடினும், அது பிழையற்றதோ என ஆராயும் சோதனைகளுள் ஒன்று இராமச்சந்திரன் படமே. கணினி கொண்டு புரத வடிவங்களைக் கணிப்போர்க்கும் புதியன படைப்போர்க்கும் 2024இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அங்ஙனம் கணிக்கப்படும் வடிவங்களும் இவ்வளவுகோலைத் தப்புவனவல்ல.

பிற்காலத்து அவர் சென்னை நீங்கிப் பெங்களூரில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். 1971இல் இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல பக்கத்து எக்ஸ் கதிர் நிழல்களினின்றும் உள்ளுருவைக் கணக்கிட்டு மீட்கும் எளியதொரு முறையை வெளியிட்டார். மருத்துவமனைகளில் உடலை ஊடுருவிக் காட்டும் சி.டி. கருவியின் கணக்கிற்கு அஃது உதவியது. 1977இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1999இல் படிகவியலின் பெரும்பரிசாகிய எவால்டு பரிசு பெற்றார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையிற் காலமானார்.

இவரைப் பற்றிப் பேசுவோர் பலரும் 'நோபெல் பரிசு இவர்க்குக் கிட்டாது போயிற்றே' என்று வருந்தி முடிப்பர். அவ்வருத்தம் நியாயமானதே. எனினும் யாம் அதனைப் பெரிதாகக் கருதுகின்றிலோம். அயலார் ஒரு பரிசு கொடாதது அயலாரின் குறையாயின் ஆகுக. நம் குறை ஒன்றுண்டு. அது நம்மாலேயே ஆகியது, நம்மாலேயே நீங்கக்கூடியது. தோலின் உட்கட்டை உலகிற்கு உணர்த்திய நாட்டில், தோல் தொடுவோரை நாம் யாங்ஙனம் நடத்தினோம்? தோல் உரித்தவரையும் பதனிட்டவரையும் பறை கட்டியவரையும் செருப்புத் தைத்தவரையும் ஊருக்குப் புறத்தே நிறுத்தினோம். மிருதங்கத்தின் ஓசையை அவையில் இருத்திப் போற்றினோம். அத்தோலை இழுத்துக் கட்டிய கையை வாயிலிலேயே நிறுத்தினோம். கால்கட்குத் தோல் வேண்டும், கண்கட்குத் தோல் தொழிலாளன் வேண்டா என்றிருந்தோம். சட்டம் இதனை விலக்கியது. மனமோ முற்றும் விலக்கிற்றெனக் கூறல் இயலாது.

இராமச்சந்திரன் காட்டிய உண்மை இம்மனப்பான்மையை எள்ளி நகையாடுகின்றது. முப்புரி நூல் சிலர் தோளின்மேல் மட்டும் கிடப்பது என்றெண்ணினோம். முப்புரி ஒவ்வொருவர் தோலினுள்ளும் கிடக்கின்றது. அரசன் தோலும் ஆண்டி தோலும், தொடுவோன் தோலும் தொடேன் என்போன் தோலும், தொட்டியில் ஊறும் எருமைத் தோலும் ஒரே இலக்கணத்தால் கட்டப்பட்டன. இதனை அறிந்தபின் தோலை இழிபொருள் என்பான் தன் உடலையே இழிபொருள் என்பவனாவான்.

இவ்விடத்துச் சிலர் இரண்டு தடைகளை எழுப்புவர். முதலாவது, 'அணுக்கோணங்களை அறிவதால் தொட்டியில் நின்று உழைப்பவனுக்கு வரும் பயன் என்னை? அவன் பாட்டன் இவற்றை அறியாமலே நன்கு பதனிட்டானே' என்பது. உண்மையே. இராமச்சந்திரன் தோல் வணிகம் பெருகவென்று ஆராய்ந்தாரல்லர். அறிய விழைந்து அறிந்தார். ஆயினும் தன் கைத்தொழிலின் காரணத்தை அறிந்தவன் அத்தொழிலைத் தலைகுனிந்து செய்யான். தன் தந்தை செய்வது உலகப் பேரறிஞர் ஆராய்ந்த பொருளையே என்றறிந்த மாணவன், தந்தையின் தொழிலைக் கேட்கும் விண்ணப்பத் தாளின்முன் நாணி நில்லான். இது சிறு பயனன்று.

இரண்டாவது தடை, 'பாலாற்றைக் கெடுத்த தொழிலைப் புகழ்வதா?' என்பது. தோற்சாலைக் கழிவால் பாலாறும் அதன் கரைக் கிணறுகளும் கெட்டன என்பதை எவரும் மறுக்க இயலாது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், கெடுத்தோரே ஈடு செய்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. யாம் அத்தீங்கை மறைத்து எழுதுகின்றிலோம். ஆனால் அத்தீங்கு நீங்குதற்குரிய வழிகளுள் தலையாயது அறிவே. குரோமியம் எவ்விடத்துப் பற்றுகின்றது, எவ்வளவு பற்றாது வழிந்தோடுகின்றது, அதனைக் குறைப்பது எவ்வாறு, மரப்பட்டையும் காயும் எவ்விடத்து அதற்கு ஈடாகும் என்பனவெல்லாம் கொலாஜெனின் கட்டை அறிந்தோரே கேட்கத்தக்க வினாக்கள். ஆற்றை இழந்த ஊரின் பிள்ளைகளே அவ்வினாக்களைக் கேட்கும் உரிமையும் கடமையும் உடையர். அவர்கட்கு அக்கல்வியை அளியாது, தொழிலை மட்டும் பழித்தல் பயனின்று.

முன்னர் யாம் நினைவில் இருத்துமாறு வேண்டியதொன்று உண்டு. கிண்டியில் தோல் நிலையமும் பௌதிகத் துறையும் அயலயலே நின்றமையால் நன்மை விளைந்தது. ஈங்கு மலையும் தோற்சாலையும் கல்லூரியும் ஒரு நாட் பயணத்துக்குள் அடங்கியிருந்தும் ஒன்றையொன்று காணாதிருக்கின்றன. ஆண்டுதோறும் பள்ளி மாணவர் காவலூருக்கு அழைத்துச் செல்லப்பெறுகின்றனர். கோடானுகோடி மைலுக்கப்பாலுள்ள விண்மீனை அறிகின்றனர். திரும்பும் வழியிலேயுள்ள தோற்கிடங்கின் நாற்றத்திற்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கின்றனர். தொலைவிலுள்ளதை ஆராய்தல் உயர்ந்தது, அருகிலுள்ளதை ஆராய்தல் தாழ்ந்தது என்பது எந்நூலின் விதி?

ஆகலின் எம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, மலையடிவாரத்துப் பள்ளி கல்லூரிகளில் புரதத்தைப் பற்றிய பாடத்தைக் கடுக்காயினின்றும் தோலினின்றும் தொடங்குவாராக. அறிந்ததினின்று அறியாததற்குச் செல்லுதலே கற்பித்தல் முறை. இரண்டாவது, தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய யாமும் பிறரும், இத்தகைய ஆராய்ச்சிகளை எளிய தமிழில் எழுத முன்வருவோமாக. இலக்கணம் கற்றார்க்கு அணுவின் இலக்கணம் அயலன்று எனக் கண்டோம். மூன்றாவது, நம் கல்லூரிக் கண்காட்சியில் இவ்வாண்டு ஒரு மேசையை இதற்கென ஒதுக்குவாராக. அதன்மேல் ஜவ்வாது மலைக் கடுக்காய் ஒரு பிடி, பதனிடாத தோல் ஒரு துண்டு, பதனிட்ட தோல் ஒரு துண்டு, மூன்று நிறக் கயிற்றால் முறுக்கிய முப்புரி ஒன்று, சுவரில் இராமச்சந்திரன் படம் ஒன்று. விலங்கியல் மாணவர் படத்தை விளக்குக. வேதியியல் மாணவர் துவர்ப்பை விளக்குக. தமிழ் மாணவர் பெயர்ப்பலகை எழுதுக. தோலைப் பதனிடும் முறையை விளக்குதற்கு, அத்தொழில் செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்துப் பேராசிரியர்களுக்கு நிகராக நாற்காலியிட்டு அமர்த்துக. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கல்லூரி மனம் வைத்தால் இவ்வாண்டே நிகழும்.